சுமையைப் பங்கிடுக: திருப்பூர் ஏற்றுமதியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பேரன்புடைய ஏற்றுமதியாளர்களே,

நூலாக வந்து இறங்குவது துணியாகி, துணி நிறம் பெற்று, நிறம் பெற்றது ஆடையாகிக் கப்பலேறும் வரையில் நிகழும் காரியங்கள் யாவும் ஓர் ஊருக்குள்ளும் அதன் சுற்றுப்புறத்துக் கிராமங்களுக்குள்ளும் நடந்தேறும் விசேஷத்தைத் திருப்பூர் பெற்றிருக்கிறது. அந்தக் காரியங்களுள் பெரும்பகுதியை உங்கள் தொழிற்சாலைகளுக்குள் நீங்களே செய்வதில்லை. நிட்டிங் ஓரிடத்தில், சாயம் மற்றோரிடத்தில், காம்பாக்டிங்கும் பிரிண்டிங்கும் எம்பிராய்டரியும் வேறு வேறு இடங்களில், தையல் சில வேளைகளில் உங்களிடத்திலும் பல வேளைகளில் எட்டுப் பத்து மெஷின்களை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் நடத்தும் பவர் டேபிளிலும் என்று, ஜாப் ஒர்க் என்னும் முறையினால் பல சிறு முதலாளிகளின் கைகளைக் கடந்துதான் ஒரு பனியன் உங்கள் அட்டைப்பெட்டிக்குள் வந்து சேருகிறது. அந்தச் சிறு முதலாளிகளைக் குறித்தே இம்மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

ஆற்றைக் கெடுக்காமல், தொழிலாளியை வஞ்சிக்காமல், சட்டத்துக்கு உட்பட்டுத் தொழில் நடத்த வேண்டும் என்று இன்று எல்லோரும் அவர்களிடம் சொல்லுகிறார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொல்லுகிறது, நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன, அயல்நாட்டு பையர்கள் ஆடிட் என்ற பெயரில் அனுப்பும் நீண்ட வினாப்பட்டியலை நீங்களும் அவர்களிடம் நீட்டுகிறீர்கள். சொல்லப்படுவன அனைத்தும் நியாயமே. அவற்றுள் ஒரு வரியையேனும் குறைக்க வேண்டும் என்பது என் கட்சியன்று. ஆனால் அந்த நியாயத்தை நடத்திக் காட்டுவதற்கு ஆகும் செலவை யார் தருவது என்ற வினாவுக்கு அப்பட்டியலில் இடம் இல்லை. விலையை நிர்ணயிக்கும் அதிகாரம் ஒருவரிடத்திலும், நல்லொழுக்கத்தின் செலவு முழுவதும் மற்றொருவரிடத்திலும் இருக்குமாயின், அவ்வொழுக்கம் காகிதத்தில் மட்டுமே நிலைக்கும் என்பதும், வேலை கொடுப்போர் அச்செலவில் பங்கேற்கும் நாளில்தான் சிறு தொழில் மெய்யாகவே பொறுப்புள்ள தொழிலாக மாறும் என்பதும் என் உறுதியான அபிப்பிராயம். இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. உங்கள் ஊரின் சரித்திரமே போதுமானது.

வெள்ளியங்கிரி மலைச்சாரலில் தோன்றி, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் தன் பெயரையே தாங்கிய ஊரின் அருகில் காவிரியோடு கலக்கும் நொய்யல், பெரிய நதியன்று. ஆயினும் பழங்கால முதலே அணைக்கட்டுகளாலும் வாய்க்கால்களாலும் குளங்களாலும் கட்டிக் காக்கப்பட்டு, மழை குறைந்த கொங்குச் சீமையின் ஒரு பகுதிக்கு அன்னமளித்து வந்த நதி. 1980களிலும் 1990களிலும் பின்னலாடை ஏற்றுமதி பெருகிய வேகத்தில் சாயப்பட்டறைகளும் பெருகின. அவற்றின் கழிவுநீர் நொய்யலில் கலந்தது. 1992ஆம் ஆண்டில் ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென்று அமைக்கப்பட்ட அணை, சில ஆண்டுகளுக்குள்ளாகவே சாயநீர்த் தேக்கமாக மாறிற்று. தண்ணீரைத் திறந்துவிடுங்கள் என்று மன்றாடுவதையே வழக்கமாகக் கொண்ட உழவர்கள், அணையைத் திறக்க வேண்டாம் என்று மன்றாடும் விபரீதம் அங்கே நிகழ்ந்தது. கிணறுகள் உப்பேறின, வயல்கள் வெளுத்தன, தலைமுறை தலைமுறையாக மண்ணை நம்பியிருந்த குடும்பங்கள் தங்கள் நிலத்தின் பயனை இழந்தன.

அக்காலத்துச் சாயப்பட்டறை உரிமையாளர் அனைவரும் பேராசைக்காரர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் தொழிலின் உள்விவகாரத்தை அறிந்தவர் அப்படிச் சொல்லமாட்டார். பருத்தித் துணிக்குப் பெரும்பாலும் பயன்படுத்தப்படும் ரியாக்டிவ் சாயங்கள் இழையில் நன்கு ஏற வேண்டுமானால், சாயத்தொட்டியில் சாதாரண உப்போ, கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட்டோ மிகுதியாகச் சேர்க்கப்பட வேண்டும். சாயத்தில் பெரும்பகுதி துணியோடு போய்விடும். உப்போ ஏறக்குறைய முழுவதும் கழிவுநீரோடு வெளியேறும். நீரிலுள்ள நிறத்தை நுண்ணுயிர்களைக் கொண்டும் ரசாயனங்களைக் கொண்டும் அகற்றிவிடலாம். கரைந்துள்ள உப்பை அவ்வாறு அகற்ற இயலாது. அதற்கு, மெல்லிய சவ்வுகளின் ஊடே நீரை மிகுந்த அழுத்தத்தில் செலுத்தும் ஆர்.ஓ. சாதனங்கள் வேண்டும், அங்கே மிஞ்சும் அடர்ந்த உப்புநீரை வெப்பத்தால் வற்றச் செய்யும் எவாப்பரேட்டர்கள் வேண்டும், இவற்றை இரவு பகலாக இயக்க மின்சாரமும் எரிபொருளும் தேர்ந்த ஆட்களும் வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிச் சாயமிடும் ஒரு சிறு பட்டறை, தனியே நின்று இத்தனையையும் ஏற்படுத்திக்கொள்ள முடியாது என்பது கணக்கறிந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதன்று.

சட்டம் தன் கடமையைச் செய்தது. 1996 ஆகஸ்டு 28ஆம் தேதி, பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளைப் பற்றிய வழக்கில், மாசுபடுத்தியவரே அதன் நஷ்டத்தையும் நிவாரணத்தையும் ஏற்க வேண்டும் என்னும் தத்துவத்தை உச்ச நீதிமன்றம் இந்நாட்டுச் சட்டத்தின் ஓர் அங்கமாக அறிவித்தது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் தொடுத்த வழக்கில், சாயக்கழிவு நீர் ஒரு துளியும் வெளியேறாத நிலையை எய்த வேண்டும் என்று 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வற்புறுத்தியது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. கட்டளை நிறைவேறாதது கண்டு, 2011 ஜனவரி 28ஆம் தேதி, சாயப்பட்டறைகளையும், பல பட்டறைகளின் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்தம் செய்யும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் அடியோடு மூடும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூற்றுக்கு மேற்பட்ட பட்டறைகள் ஒருங்கே ஓய்ந்தன. தொழிலாளர் பலர் ஊர் திரும்பினர். சாயமிடுவதற்குத் துணி வெளியூர்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் லாரியேறிப் போயிற்று. அந்நாட்களின் தவிப்பை உங்களில் மூத்தோர் மறந்திருக்கமாட்டீர்கள்.

பூட்டிய கதவுகள் பின்னர் எவ்வாறு திறந்தன என்பதில்தான் நாம் கற்க வேண்டிய பாடம் இருக்கிறது. தண்டனையின் கடுமை ஆற்றுக்கு ஓர் இடைக்காலப் பாதுகாப்பை அளித்ததே அல்லாமல், தொழிலைத் திருத்தும் சாதனத்தை அளிக்கவில்லை. அதே 2011ஆம் ஆண்டில் தமிழக அரசு பொது சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் வழங்க முன்வந்தது. பட்டறை உரிமையாளர்கள் தங்கள் முதலை ஒன்றுதிரட்டினார்கள். உப்புநீரையே சுத்தம் செய்து மீண்டும் சாயத்தொட்டிக்குத் திருப்பும் உபாயம் அருள்புரத்து நிலையத்தில் நிலைநாட்டப்பட்டுப் பிற நிலையங்களுக்கும் வழிகாட்டிற்று. தனித்தனியே நின்று தோற்றவர்கள் கூட்டாக நின்று வென்றார்கள். இன்று அந்நிலையங்களில் கழிவுநீரின் மிகப் பெரும்பகுதி மறுபடியும் சாயமிடத் தகுந்த நீராகப் பட்டறைகளுக்கே திரும்புகிறது. பிரித்தெடுத்த கிளாபர் உப்பும் மறுபடி பயனாகிறது. ஒரு ஜவுளித் தொழில் வட்டாரம் முழுவதும் கழிவுநீரை வெளியேற்றாத முறையை மேற்கொண்ட பெருமையில் இந்தியாவுக்கே திருப்பூர் முன்னோடியாயிற்று. பணமும் தொழில்நுட்பமும் அவகாசமும் பங்கிடப்பட்டதனால் விளைந்த பெருமை அது.

ஆயினும் அந்தப் பெருமை ஸ்திரமாக நிற்கவில்லை. சுத்திகரிப்பு நிலையத்தை அன்றாடம் இயக்கும் செலவு சாயப்பட்டறையின் தலையில் இருக்கிறது. அதற்குரிய கட்டணத்தைச் செலுத்தும் பட்டறையின் விலையும், இரவில் ஓடையைத் திறந்துவிடும் பட்டறையின் விலையும் ஒன்றாக இருக்க முடியாது. பட்டனுக்கும் ஜிப்புக்கும் சாயமிடும் மிகச் சிறிய கூடங்கள் உள்ளிட்ட, அனுமதியின்றி இயங்கும் பட்டறைகளுக்கு வாரியம் சீல் வைத்ததாகவும் மின்னிணைப்பைத் துண்டித்ததாகவும் செய்திகள் இன்றும் வந்துகொண்டிருக்கின்றன. மழை பெய்து ஆறு பெருகும் நாட்களில் நொய்யலில் நிறமும் நுரையும் காணப்படுவது இன்றும் நின்றபாடில்லை. இரண்டு விலைப்பட்டியல்களை அருகருகே வைத்து, குறைந்த விலை எவ்வாறு குறைந்தது என்று விசாரியாமல் ஆர்டரைக் கொடுப்பவர், நேர்மையாக நடக்கும் பட்டறைக்குத் தம்மை அறியாமலே தண்டம் விதிக்கிறார்.

நீரைப் பற்றிச் சொன்னது தொழிலாளரைப் பற்றியும் பொருந்தும். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யுமிடத்தில் இ.எஸ்.ஐ. கட்டாயமில்லை, இருபது பேருக்குக் குறைந்தால் பி.எஃப். கட்டாயமில்லை, பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லைகளை விசாரிக்க 2013ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த உள்ளகக் குழுவும் பத்துப் பேருக்குக் குறைந்த இடத்தில் அமைவதில்லை, அங்கே பணிபுரியும் பெண் மாவட்ட அளவிலான குழுவை நாட வேண்டும், அப்படியொரு குழு இருப்பதை அவளுக்குச் சொல்வார் எவருமில்லை. எட்டு மெஷின் பவர் டேபிளில் தைக்கும் டெய்லரும், பீஸ் அடுக்கும் ஹெல்பரும், செக்கிங் செய்யும் பெண்மணியும், உங்கள் கம்பெனிக்குள் அதே வேலையைச் செய்வோருக்குக் கிடைக்கும் பாதுகாப்பைப் பெறாமலே அதே ஆடையைத் தைக்கிறார்கள். பிஹாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து சேரும் இளைஞர்களுக்கோ, தீயணைக்கும் கருவியின் மேலுள்ள எழுத்தை வாசிக்கும் மொழியும் தெரியாது. டெலிவரி தேதி நெருங்கும்போது இரவு முழுவதும் விளக்கெரியும் கூடங்கள் இவையே. அவற்றின் உரிமையாளரும் பெரும்பாலும் நேற்றுவரை டெய்லராக இருந்தவர். மெஷின் கடனுக்குத் தவணை கட்டிக்கொண்டு, தாமும் தம் மனைவியும் மெஷினில் உட்கார்ந்து தைப்பவர். இவரிடம் ஒரு நிறுவனத்தின் சட்டப் பிரிவு செய்யும் வேலையை எதிர்பார்ப்பது எங்ஙனம் பொருந்தும்?

சிறியவனுடைய இந்த நிர்ப்பந்தத்தை உங்களைவிட நன்றாக உணரத்தக்கவர் வேறொருவர் இல்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்க தேசம் இந்தியச் சரக்குகளின்மேல் 50 சதவிகித வரியைச் சுமத்தியபோது, அவ்வரியில் ஒரு பங்கை விலைத் தள்ளுபடியாக நீங்களே ஏற்க வேண்டும் என்று பையர்கள் கேட்ட வேளையில், நீங்கள் உற்ற மனவேதனை என்ன? செலவு நம்முடையதும் தீர்மானம் பிறருடையதுமாக இருப்பது அநீதி என்று அப்போது வாய்விட்டுச் சொன்னீர்கள், சொன்னது உண்மை. பையரின் முன் நீங்கள் நிற்கும் அதே நிலையில்தான் உங்கள் முன் சாயப்பட்டறையும் பவர் டேபிளும் நிற்கின்றன. உங்களுக்கு வேண்டிய நியாயத்தை அவர்களுக்கும் அளித்த பின்னரே, பையரிடம் அதே நியாயத்தைக் கேட்கும் தார்மிக பலம் உங்களுக்கு முழுமையாக உண்டாகும்.

வேலை கொடுப்போர் செலவில் பங்கேற்பதற்கு வேறு தேசத்தில் ஒரு முன்மாதிரி தோன்றியது. 2013 ஏப்ரல் 24ஆம் தேதி வங்காள தேசத்தின் தலைநகரான டாக்காவை அடுத்த சாவரில் ராணா பிளாசா என்னும் கட்டடம் இடிந்து, 1,134 பேர் மாண்டனர். அக்கட்டடத்திலிருந்த தையற்கூடங்களுள் சில, அதற்குமுன் பையர்களின் ஆடிட்டைக் கடந்தவையே. ஒரு மாதத்துக்குள், ஆடை வாங்கும் பெருநிறுவனங்கள் பலவும் தொழிற்சங்கங்களும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. தொழிற்கூடங்களைப் பரிசோதிப்பதோடு நில்லாமல், கண்ட குறைகளைத் திருத்துவதற்கான பொருள் வசதி அந்தக் கூடங்களுக்குக் கிடைக்கும்படி பார்த்துக்கொள்வதும், திருத்தும் காலத்தில் ஆர்டரைத் தொடர்ந்து கொடுப்பதும் வாங்குவோரின் கடமைகளாக அதில் எழுதப்பட்டன. அதன் பயனாக, மின்கம்பிகளும் தீயணைப்பு வழிகளும் தூண்களும் ஆயிரக்கணக்கான இடங்களில் சீர்செய்யப்பட்டன. அத்தனை உயிர்களை இழந்த பின் அங்கே கற்ற பாடத்தை ஓர் உயிரையும் இழக்காமல் இங்கே நாம் கற்றுக்கொள்ளலாம்.

ஆகவே, உங்களிடம் சில கோரிக்கைகளைப் பணிவோடும் உறுதியோடும் வைக்கிறேன்.

முதலாவது, சாயக்கூலியைப் பேசும்போது சுத்திகரிப்புச் செலவைத் தனி இனமாக எழுதுங்கள். அதில் பேரம் வேண்டாம். எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பினர், அந்த மாதத்தில் எவ்வளவு கழிவுநீரை அனுப்பினார் என்ற ரசீதைப் பெற்றுக்கொண்டு, அதற்குரிய தொகையை முழுமையாகக் கொடுங்கள். அவ்வாறு செய்தால், ஓடையைத் திறந்துவிடுபவனுக்கு விலையில் இன்றிருக்கும் அனுகூலம் ஒரே நாளில் அழிந்துபோகும்.

இரண்டாவது, செய்த வேலைக்குரிய பணத்தைக் காலத்தில் கொடுங்கள். சிறு, குறு தொழில்களுக்குரிய பாக்கியை அதிகபட்சம் 45 நாட்களுக்குள் செலுத்த வேண்டும் என்றும், தவறினால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும் என்றும் 2006ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. குறித்த காலத்தில் செலுத்தாத தொகையை அவ்வாண்டுச் செலவாக வருமான வரிக் கணக்கில் காட்ட இயலாது என்ற விதியும் 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் அடுத்த ஆர்டரை இழக்க நேருமே என்று அஞ்சும் ஜாப் ஒர்க் முதலாளி அச்சட்டத்தை ஒருகாலும் எடுத்துப் பேசமாட்டார். மூன்று மாதம், நான்கு மாதம் பணம் நின்றுபோன பட்டறையில் முதலில் நிற்பது கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவும் தொழிலாளியின் வாரச் சம்பளமுமே என்பதை எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது, ஒரு வீதியிலுள்ள பத்துப் பவர் டேபிள்களை ஒன்றுசேர்த்து, அவற்றுக்குப் பொதுவாக ஒரு கணக்கரையும், பாதுகாப்புப் பயிற்சி அளிக்கத்தக்க ஒருவரையும் நியமித்து, அவர்களின் சம்பளத்தை நீங்கள் பகிர்ந்து ஏற்றுக்கொள்ளுங்கள். சம்பளப் பதிவேடும் இ.எஸ்.ஐ. பதிவும் தீயணைப்புப் பயிற்சியும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதப்பட்ட அறிவிப்பும் குழந்தைகளுக்கு ஒரு காப்பகமும், தனித்தனியே ஆகாதவை, பத்துப் பேருக்குப் பொதுவாக வைக்கும்போது கைக்கெட்டியவை ஆகிவிடும். சுத்திகரிப்பு நிலையத்தில் வென்ற கூட்டுறவுத் தத்துவம் தையல் மெஷினுக்கும் பொருந்தும்.

நான்காவது, குறையை ஒளிவின்றிச் சொல்லும் பட்டறையைத் தண்டியாதீர்கள். மின்கம்பி பழுது, கழிப்பறை போதாது, சாயநீர்க் குழாயில் கசிவு என்று ஒருவர் தாமே முன்வந்து சொன்னால், திருத்துவதற்கு நியாயமான கெடுவும், செலவுக்கு முன்பணமும், அதுவரையில் வேலையும் கொடுங்கள். சொன்னவரின் ஆர்டரை மறுநாளே நிறுத்திவிடும் வழக்கம் இருக்கும் வரையில், ஆடிட் நாளன்று சுவருக்கு வெள்ளையடிப்பதும் பதிவேட்டைப் புதிதாக எழுதுவதுமே நடக்கும். மறைத்தவரிடத்திலும், கெடு முடிந்த பின்னும் திருத்தாதவரிடத்திலும் கண்டிப்பாக இருங்கள். அந்தக் கண்டிப்பை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன்.

ஐந்தாவது, உங்கள் மெர்ச்சண்டைசர்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அடர்ந்த நிறத்துக்கு உப்பும் அதிகம், அலசும் நீரும் அதிகம். ஷேட் மயிரிழை மாறிற்றென்று துணியைத் திருப்பியனுப்பி மறுசாயமிடச் சொல்லும் ஒவ்வொரு முறையும் நீரும் நெருப்பும் உப்பும் இரண்டாம் முறை செலவாகின்றன. ஷேட் வித்தியாசத்துக்கு ஒரு நியாயமான எல்லையைப் பையரோடு முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்வதும், ஒவ்வொரு பையருக்கும் ஒவ்வோர் ஆடிட் என்றிராமல் நல்ல முறையில் நடந்த ஓர் ஆடிட்டை எல்லோரும் ஏற்கும்படி உங்கள் சங்கங்களின் வாயிலாக வற்புறுத்துவதும், சிறு பட்டறைக்குக் காசு கொடாமலே செய்யக்கூடிய மகத்தான உபகாரங்கள்.

இவற்றையெல்லாம் செய்தால் விலை உயரும். விலை உயர்ந்தால் ஆர்டர் வங்காள தேசத்துக்கும் வியட்நாமுக்கும் போய்விடும் என்று நீங்கள் சொல்லக்கூடும். அந்த அச்சம் பொய்யன்று. ஆயினும் மலிவிலே போட்டியிட்டு வெல்லும் காலம் திருப்பூருக்குக் கடந்துவிட்டது. நீரைத் திரும்பப் பயன்படுத்தும் நகரம் என்ற கீர்த்தியே இன்று உங்கள் வியாபாரத்துக்கு மூலதனமாக விளங்குகிறது. பையரிடம் நீங்கள் பெருமையோடு காட்டும் படங்களில் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிகளும் காற்றாலைகளும் இருக்கின்றன. அக்கீர்த்தி கறைபடுமாயின் இழப்பு ஒரு பட்டறையோடு நில்லாது. 2011இல் மூடப்பட்ட கதவுகளுள் முறையாக நடந்தவர்களின் கதவுகளும் இருந்தன அல்லவா? நேர்மையாக நடப்பதற்கு ஆகும் செலவைவிட, நேர்மை தவறிய ஊர் செலுத்திய விலை பன்மடங்கு பெரிதென்பதை நீங்கள் கணக்கிலேயே கண்டிருக்கிறீர்கள்.

அரசுக்கும் வங்கிகளுக்கும் இதில் கடமை உண்டு. அவர்களிடம் கேட்க வேண்டியதை நீங்களும் நானும் சேர்ந்தே கேட்போம். ஆனால் அரசாணை வரும் வரையில் காத்திருக்க வேண்டிய காரியங்களல்ல இவை. நாளைக் காலையில் உங்கள் காரியாலயத்தில் எழுதப்படும் ஒரு ஜாப் ஒர்க் சீட்டிலேயே இவற்றைத் தொடங்கிவிடலாம். ஆகவே, உங்களுக்கு வேலை செய்யும் பட்டறைகளுள் ஒரே ஒரு சாயப்பட்டறையையும் ஒரே ஒரு பவர் டேபிளையும் முதலில் தேர்ந்தெடுங்கள். அவர்களை அழைத்து உட்காரவைத்து, முறையாகத் தொழில் நடத்த என்ன செலவாகும் என்று கேளுங்கள். அதில் உங்கள் பங்கு இன்னதென்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுங்கள். ஓராண்டு அதனை நடத்திக் காட்டிய பின் உங்கள் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று அதன் வரவு செலவைச் சொல்லுங்கள், மற்றவர்கள் பின்தொடர்வார்கள். இதைச் செய்யும் ஆற்றல் உங்களுக்கு உண்டு. செய்ய வேண்டிய கடமையும் உங்களுடையதே.

இங்ஙனம்,
நொய்யற்கரை மக்களின் நலம் நாடும் ஒருவன்